வீட்டு லினக்ஸ் சர்வரில் பிரிண்டரை மாட்டி, உள்ளேயிருந்தும் வெளியேயிருந்தும் அச்செடுப்பது எப்படி

யூஎஸ்பி வயர் மட்டுமே உள்ள பழைய பிரிண்டர் ஒன்றும், எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸ் பெட்டி ஒன்றும் வீட்டில் இருந்தால், புதிதாக வைஃபை பிரிண்டர் வாங்க வேண்டிய தேவை அநேகமாக உங்களுக்கு இல்லை. அந்தப் பெட்டியில் பிரிண்டரைச் செருகிவிட்டால் வீட்டிலுள்ள லேப்டாப், மொபைல் எல்லாவற்றிலிருந்தும் அச்செடுக்கலாம். கொஞ்சம் மெனக்கெட்டால் வெளியிலிருந்தும் அனுப்பலாம். பெட்டி பழைய லேப்டாப்பாக இருக்கலாம், ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியாகவும் இருக்கலாம். பை திறன் குறைந்ததாக இருந்தால் படங்கள் நிறைந்த பக்கம் வெளியே வரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

வேலையை மூன்று கட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதலில் சர்வரிலிருந்தே ஒரு தாள் வரவேண்டும். பிறகு வீட்டு நெட்வொர்க்கிலுள்ள வேறொரு கருவியிலிருந்து ஒரு தாள். கடைசியாக வெளியிலிருந்து ஒரு தாள். ஒரு கட்டத்தில் தாள் கைக்கு வராமல் அடுத்ததற்குத் தாவ வேண்டாம். மூன்றையும் ஒரே மூச்சில் அமைத்துவிட்டால், கோளாறு பிரிண்டரிலா, நெட்வொர்க்கிலா, வெளிவழியிலா என்று கண்டுபிடிப்பதற்குள் தலை வெடித்துவிடும்.

டெபியன், உபுண்டு, ராஸ்பெரி பை ஓஎஸ் மூன்றுக்கும் பொருந்தும்படி எழுதியிருக்கிறேன். கட்டளைகளை வாயால் சொல்கிற மாதிரியே தந்திருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். கட்டளைகள் கொஞ்சம்தான், பெரும்பாலான வேலை பிரவுசரிலேயே முடிந்துவிடும்.

முதலில் டிரைவர் விஷயம்

எதையும் நிறுவுவதற்கு முன், உங்கள் பிரிண்டர் எந்த ரகம் என்று பார்த்துவிடுங்கள். பாதி வெற்றி இங்கேதான் இருக்கிறது.

பெட்டியிலோ கையேட்டிலோ ஏர்பிரிண்ட் என்று போட்டிருந்தால் கவலையே இல்லை. ஆப்பிள் 2010இல் கொண்டுவந்த இந்த முறையிலும், அதையொட்டி வந்த ஐபிபி எவ்ரிவேர் முறையிலும் (ஐபிபி என்பது நெட்வொர்க் வழியாக அச்சு வேலை அனுப்பும் நெறிமுறை) பிரிண்டர் தன்னைப் பற்றித் தானே சொல்லிவிடும்: எந்தத் தாள் ஏற்கும், கலர் உண்டா, இரண்டு பக்கமும் அடிக்குமா என்பதெல்லாம். தனி டிரைவர் தேவைப்படாது. இப்படிப்பட்ட பிரிண்டர்களில் பல யூஎஸ்பி வழியாகவும் இதே மொழியில் பேசும். அதற்கு ஐபிபி-யூஎஸ்பி என்ற மென்பொருள் பொதி வேண்டும்.

அதற்கு முந்தைய பிரிண்டர் என்றால் டிரைவர் தேட வேண்டியதுதான். எச்பிக்கு எச்பிலிப், பிரதரின் கறுப்பு-வெள்ளை லேசர்களுக்கு பிஆர்லேசர், பழைய சாம்சங் லேசர்களுக்கு ஸ்பிளிக்ஸ், எப்சன் இங்க்ஜெட்டுகளுக்கு எஸ்கேப்பிஆர் என்று திறமூல டிரைவர்கள் இருக்கின்றன. இவை எல்லாமே டெபியனின் பொதிக் கிடங்கிலேயே கிடைக்கும். குட்டன்பிரிண்ட் என்ற பெரிய தொகுப்பு ஏராளமான இங்க்ஜெட் மாடல்களைப் பார்த்துக்கொள்ளும். எச்பி லேசர்ஜெட் 1020 போன்ற சில மாடல்களுக்கு மட்டும் ஒரு விசேஷம் உண்டு: ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வரும்போதும் கணினி அதற்குள் ஃபர்ம்வேரை, அதாவது பிரிண்டரின் உள் மென்பொருளை, ஏற்றிக் கொடுக்க வேண்டும். எச்பிலிப்பை நிறுவிய பிறகு எச்பி-பிளகின் என்ற கட்டளையையும் ஒருமுறை ஓட்டினால் அந்த வேலை சரியாகிவிடும்.

நிஜமான சிக்கல் மூன்றாவது ரகம். தயாரிப்பாளர் தரும் மூடிய டிரைவர் மட்டுமே உள்ள பிரிண்டர்கள். அந்த டிரைவர் பல நேரம் இன்டெல், ஏஎம்டி சிப்புகளுக்கு மட்டும்தான் இருக்கும். ராஸ்பெரி பையில் இருப்பது ஆர்ம் சிப். அதில் அது ஓடாது. பிரிண்டருக்காகவே ஒரு பை வாங்கப் போகிறீர்கள் என்றால், வாங்குவதற்கு முன் லினக்ஸ் அச்சு மென்பொருளை வளர்க்கும் ஓப்பன்பிரிண்டிங் குழுவின் தளத்திலுள்ள பட்டியலில் உங்கள் மாடலைத் தேடிப் பாருங்கள். இந்த விஷயத்தில் ராஸ்பெரி பையை விட ஒரு பழைய லேப்டாப்பே உருப்படியானது.

முதல் தாள்: சர்வரிலிருந்து

லினக்ஸில் அச்சு வேலை முழுவதையும் பார்த்துக்கொள்வது கப்ஸ். சி, யு, பி, எஸ் என்று நான்கு எழுத்து. 1999இல் வெளிவந்தது, 2007இல் ஆப்பிள் அதன் உரிமையை வாங்கியது, 2020 முதல் ஓப்பன்பிரிண்டிங் குழு அதை முன்னெடுத்து வளர்க்கிறது. மேக்கிலும் உள்ளே இருப்பது இதே கப்ஸ்தான் என்பதால், மேக்கும் ஐபோனும் உங்கள் லினக்ஸ் பெட்டியோடு சுலபமாக ஒத்துப்போகும்.

நிறுவ: சூடோ ஆப்ட் இன்ஸ்டால் கப்ஸ் அவாஹி-டீமன். இதில் அவாஹி என்பது பிரிண்டரை வீட்டு நெட்வொர்க்கில் அறிவிக்கும் புரோகிராம். ஏர்பிரிண்ட் ரக யூஎஸ்பி பிரிண்டர் என்றால் ஐபிபி-யூஎஸ்பி பொதியையும், மற்றதென்றால் மேலே சொன்ன டிரைவர் பொதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டையும் சேர்த்துப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஐபிபி-யூஎஸ்பி பிடித்துவைத்திருக்கும் பிரிண்டரை வேறு டிரைவரால் நெருங்க முடியாமல் போகலாம்.

கப்ஸ்-பிரவுஸ்டு என்ற பொதி ஏற்கெனவே இருந்தால் நீக்கிவிடுங்கள். நெட்வொர்க்கில் உள்ள மற்ற பிரிண்டர்களைத் தேடிச் சேர்ப்பது அதன் வேலை. உங்கள் பிரிண்டரைப் பிறருக்குக் காட்ட அது தேவையே இல்லை. 2024 செப்டம்பரில் அதில் பெரிய பாதுகாப்பு ஓட்டை ஒன்று வெளியானது. தேவையில்லாத ஒன்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டாம்.

அப்புறம் உங்கள் பயனர் பெயருக்குப் பிரிண்டர்களை நிர்வகிக்கும் உரிமை தர வேண்டும்: சூடோ ஆட்யூசர், அடுத்து உங்கள் பெயர், அடுத்து எல்பிஅட்மின். இந்த எல்பிஅட்மின் குழுவில் இல்லாவிட்டால், பின்னால் பிரவுசரில் எத்தனை முறை கடவுச்சொல் கொடுத்தாலும் கதவு திறக்காது.

கப்ஸ் ஆரம்பத்தில் தன் சொந்தப் பெட்டிக்கு மட்டும்தான் பதில் சொல்லும். வீட்டிலுள்ள மற்ற கணினிகளுக்கும் பேச வைக்க: சூடோ கப்ஸ்சிடிஎல் --ரிமோட்-அட்மின் --ஷேர்-பிரிண்டர்ஸ். இந்த ஒரு வரி கட்டமைப்புக் கோப்பில் தேவையான இடங்களை எல்லாம் மாற்றிவிடும். கையால் எழுதித் திருத்துவதை விட இதுவே நல்லது.

இன்னொரு சின்ன வேலை: ரூட்டரில் கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் டிஎச்சிபி பகுதிக்குப் போய் சர்வருக்கு நிரந்தர முகவரி ஒதுக்குங்கள். இதை விட்டால், ஒரு நாள் ரூட்டரை அணைத்துப் போட்டதும் முகவரி மாறி, வீட்டில் யாருக்குமே பிரிண்ட் வராது. இந்தக் கட்டுரையில் 192.168.1.50 என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது எந்தக் கணினியிலிருந்தும் பிரவுசரில் அந்த முகவரியை, முன்னால் எச்டிடிபிஎஸ் சேர்த்து, பின்னால் முக்காற்புள்ளியும் 631உம் சேர்த்துத் தட்டுங்கள். சான்றிதழ் சரியில்லை என்று பிரவுசர் பயமுறுத்தும். சர்வர் தானே தயாரித்துக்கொண்ட சான்றிதழ் அது. உங்கள் வீட்டுப் பெட்டிதான் என்று தெரிந்திருப்பதால் தாராளமாக மேலே போகலாம். அட்மினிஸ்ட்ரேஷன் பக்கத்தில் ஆட் பிரிண்டர் பொத்தானை அழுத்தினால் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். லோக்கல் பிரிண்டர்ஸ் பட்டியலில் உங்கள் பிரிண்டர் இருக்க வேண்டும். இல்லையென்றால் வயரைக் கழற்றி மாட்டுங்கள். அப்போதும் வராவிட்டால் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையில் பிரிண்டரின் பெயர் வருகிறதா பாருங்கள். அதிலும் வரவில்லை என்றால் குற்றம் கப்ஸில் இல்லை, வயரிலோ போர்ட்டிலோதான்.

பெயர் வைக்கும்போது இடைவெளி இல்லாத சின்னப் பெயராக, ஆங்கில எழுத்தில் வையுங்கள். இங்கே 'வீடு' என்று வைத்துக்கொள்வோம். ஷேர் திஸ் பிரிண்டர் என்ற கட்டத்தில் டிக் போட மறக்காதீர்கள். டிரைவர் பட்டியலில் டிரைவர்லெஸ் என்றோ ஐபிபி எவ்ரிவேர் என்றோ இருந்தால் அதையே எடுங்கள்.

அடுத்து வரும் செட் டிஃபால்ட் ஆப்ஷன்ஸ் பக்கத்தை அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள். இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, தாள் அளவு. பல டிரைவர்கள் லெட்டர் அளவோடுதான் வரும். லெட்டர் தாள் 216 மிமீ அகலம், 279 மிமீ உயரம். ஏ4 210க்கு 297. தட்டில் ஏ4 இருக்க, வேலை லெட்டர் என்று வந்தால் நிறைய பிரிண்டர்கள் ஒரு விளக்கைச் சிமிட்டிக்கொண்டு சும்மா நிற்கும். திரையில் 'பிரிண்ட் ஆகிறது' என்று காட்டும், வரிசையில் வேலை நிற்கும், சத்தமே இருக்காது. பிரிண்டர் பழுதோ என்று சந்தேகப்படும் முன் இதைப் பார்த்துவிடுங்கள். இரண்டாவது, பாலிசீஸ் பகுதியில் உள்ள எரர் பாலிசி. அது ஸ்டாப்-பிரிண்டர் என்றிருந்தால், யாராவது ஒருமுறை வயரைப் பிடுங்கினாலும் வரிசை முழுக்க நின்றுவிடும். நீங்கள் வந்து ரெஸ்யூம் அழுத்தும் வரை நகராது. அதை ரீட்ரை-ஜாப் என்று மாற்றிவிடுங்கள்.

சரி, மெயின்டனன்ஸ் பட்டியலிலிருந்து பிரிண்ட் டெஸ்ட் பேஜ் கொடுங்கள். தாள் வந்துவிட்டால் கடினமான பகுதி முடிந்தது.

இரண்டாவது தாள்: வீட்டுக்குள்ளிருந்து

அவாஹி ஓடிக்கொண்டிருந்தால் உங்கள் பிரிண்டர் தன்னைத் தானே நெட்வொர்க்கில் அறிவித்துக்கொள்ளும். மேக், ஐபோன், இப்போதைய ஆண்ட்ராய்டு, லினக்ஸ் டெஸ்க்டாப் எல்லாமே பெரும்பாலும் எதுவும் செய்யாமலே அதைக் கண்டுபிடித்துவிடும்.

விண்டோஸில் சில நேரம் கையால் சேர்க்க வேண்டியிருக்கும். பிரிண்டர் சேர்க்கும் இடத்தில், தேடும் பிரிண்டர் பட்டியலில் இல்லை என்ற இணைப்பை அழுத்தி, பெயரைக் கொண்டு பகிர்ந்த பிரிண்டரைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில் எச்டிடிபி://192.168.1.50:631/பிரிண்டர்ஸ்/வீடு என்ற முகவரியை முழுதாகக் கொடுங்கள். பிரிண்டர்ஸ் என்ற சொல்லில் கடைசி எஸ் முக்கியம். அதை விட்டுவிட்டு விழிப்பவர்கள் நிறைய. டிரைவர் கேட்டால் மைக்ரோசாஃப்ட் ஐபிபி கிளாஸ் டிரைவர் போதும். விண்டோஸோடு கோப்பும் பிரிண்டரும் பகிர உதவும் சாம்பா மென்பொருளை அமைக்கச் சொல்லும் பழைய குறிப்புகள் இன்னமும் சுற்றுகின்றன. பிரிண்டருக்காக மட்டும் சாம்பா போட வேண்டிய காலம் மலையேறிவிட்டது.

மொபைலில் பிரிண்டர் தெரியவே இல்லை என்றால், அது கெஸ்ட் வைஃபையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விருந்தினர் வைஃபையில் உள்ள கருவிகள் மற்றவற்றைப் பார்க்க முடியாதபடிதான் ரூட்டர்கள் வைத்திருக்கும். ஐசொலேஷன் என்ற பெயரில் வழக்கமான வைஃபைக்கும் இதே தடுப்பைச் சில ரூட்டர்கள் வைத்திருப்பதுண்டு. சர்வரில் ஃபயர்வால் ஓடுகிறது என்றால் வீட்டு நெட்வொர்க்கிலிருந்து டிசிபி 631, யுடிபி 5353 ஆகிய இரண்டு போர்ட்டுகளையும் (நெட்வொர்க் வாசல்களின் எண்கள்) அனுமதிக்க வேண்டும். முதலாவது அச்சு வேலை போகும் வழி, இரண்டாவது அறிவிப்பு போகும் வழி. முகவரி எண்ணைக் கொடுத்தால் பிரிண்ட் வருகிறது, பட்டியலில் மட்டும் தெரியவில்லை என்றால் 5353தான் மூடியிருக்கிறது.

எண்ணுக்குப் பதில் சர்வரின் பெயரைக் கொடுத்தால் பேட் ரிக்வெஸ்ட் என்று வந்தால், கப்ஸுக்கு அந்தப் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். அட்மினிஸ்ட்ரேஷன் பக்கத்தில் எடிட் கான்ஃபிகரேஷன் ஃபைல் என்ற பொத்தான் இருக்கும். அதைத் திறந்து சர்வர்அலையஸ் என்று ஒரு வரி சேர்த்து அந்தப் பெயரை எழுதிச் சேமியுங்கள்.

மூன்றாவது தாள்: வெளியிலிருந்து

இங்கே ஒரே ஒரு விதியை மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது: ரூட்டரில் 631ஐ வெளியுலகத்துக்குத் திறக்காதீர்கள். போர்ட் ஃபார்வர்டிங் செய்தால் இரண்டு நிமிட வேலைதான். ஆனால் இணையம் முழுக்கத் திறந்த போர்ட்டுகளைத் தேடிக்கொண்டே இருக்கும் புரோகிராம்களுக்கு உங்கள் தாளும் மையும் இலவசம், சர்வரின் நிர்வாகப் பக்கமும் அவற்றின் கண் முன்னால் இருக்கும். கப்ஸின் அட்மினிஸ்ட்ரேஷன் பக்கத்தில் அலவ் பிரிண்டிங் ஃப்ரம் தி இன்டர்நெட் என்று ஒரு டிக் கட்டம் ஆசை காட்டும். அதையும் தொட வேண்டாம். முன்பு இந்த வேலைக்கு கூகுள் கிளவுட் பிரிண்ட் இருந்தது. 2020 டிசம்பர் 31ஓடு அதை மூடிவிட்டார்கள். வேறொருவரின் சேவையை நம்பி இருப்பதை விட உங்கள் சொந்தச் சுரங்கப்பாதையே, அதாவது வெளியிலிருந்து வீட்டுச் சர்வருக்கு வரும் விபிஎன் என்ற பாதுகாப்பான தனிவழியே, நல்லது.

அந்தப் பாதைக்கு என் தேர்வு வயர்கார்டு. 2020இல் வந்த 5.6ஆம் பதிப்பிலிருந்து அது லினக்ஸ் கர்னலுக்குள்ளேயே இருக்கிறது. அமைப்புக் கோப்பும் சின்னது. சர்வரில் வயர்கார்டு பொதியை நிறுவி, சர்வருக்கும் லேப்டாப்புக்கும் ஆளுக்கொரு சாவி ஜோடி உருவாக்கி, சர்வருக்கு 10.8.0.1, லேப்டாப்புக்கு 10.8.0.2 என்று முகவரி கொடுங்கள். ரூட்டரில் யுடிபி 51820ஐ மட்டும் சர்வருக்குத் திருப்பிவிடுங்கள். இந்த போர்ட் திறந்திருப்பதில் பயமில்லை. சரியான சாவி இல்லாதவர்களுக்கு வயர்கார்டு பதிலே சொல்லாது, வெளியிலிருந்து பார்த்தால் அங்கே எதுவுமே இல்லாத மாதிரி இருக்கும்.

லேப்டாப் பக்கம் அலவ்டுஐபிஸ் வரியில் 10.8.0.1/32 என்று மட்டும் போடுங்கள். அப்போது சர்வருக்குப் போக வேண்டியது மட்டும் சுரங்கத்தில் போகும். மற்ற இணைய வேலைகள் வழக்கமான வழியிலேயே போகும். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. நீங்கள் போயிருக்கும் இடத்தின் வைஃபையும் 192.168.1 என்றே தொடங்கினால், வீட்டு முகவரியோடு மோதும் தலைவலி வராது.

உங்கள் இணைய நிறுவனம் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரி கொடுத்திருந்தால் போர்ட் திருப்புவது பலிக்காது. ரூட்டரின் நிலைப் பக்கத்தில் உள்ள வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்குகிறது என்றால் நிலைமை இதுதான். அப்போது டெயில்ஸ்கேல் போடுங்கள். அதுவும் உள்ளே வயர்கார்டுதான். போர்ட் எதுவும் திறக்காமலே இரண்டு முனைகளையும் சேர்த்துவைக்கும். அதில் சர்வருக்கும் லேப்டாப்புக்கும் வேறு முகவரிகள் கிடைக்கும். கீழே 10.8.0.1 வரும் இடங்களில் சர்வருடையதையும், 10.8.0.0/24 வரும் இடத்தில் லேப்டாப்புடையதையும் போட்டுக்கொள்ளுங்கள்.

சுரங்கம் எழுந்துவிட்டது, பிங் போகிறது, ஆனால் பிரிண்டர் பக்கத்தைத் திறந்தால் ஃபர்பிடன் என்று வருகிறதா? நெட்வொர்க் நன்றாகத்தான் இருக்கிறது; மறுப்பது கப்ஸ். கட்டமைப்புக் கோப்பில் லொகேஷன் / என்ற பகுதிக்குள் அலவ் @லோக்கல் என்று ஒரு வரி இருக்கும். வீட்டு நெட்வொர்க்குகளை எல்லாம் அது அனுமதிக்கும், ஆனால் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குப் போகும் இணைப்புகளை அதில் சேர்ப்பதில்லை. வயர்கார்டு அந்த வகை. அதனால் அந்த வரிக்குக் கீழேயே அலவ் 10.8.0.0/24 என்று இன்னொரு வரி சேருங்கள். லொகேஷன் /அட்மின் பகுதியை அப்படியே விட்டுவிடுங்கள்; பிரிண்ட் வெளியிலிருந்து வரட்டும், நிர்வாகம் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

அவாஹியின் அறிவிப்பு சுரங்கத்தைத் தாண்டி வராது. ஆகவே வெளியே இருக்கும்போது தானாகக் கண்டுபிடிக்கும் என்று காத்திருக்க வேண்டாம், பிரிண்டரைக் கையால் சேருங்கள். லினக்ஸ், விண்டோஸ் இரண்டிலும் முன்பு சொன்ன முகவரியே, எண் மட்டும் 10.8.0.1. மேக்கில் ஐபி பகுதிக்குப் போய் முகவரிக் கட்டத்தில் 10.8.0.1, கியூ கட்டத்தில் பிரிண்டர்ஸ்/வீடு என்று கொடுங்கள்.

மொபைல்கள் தானாகக் கண்டுபிடிப்பதையே நம்பியிருப்பதால் அவற்றோடு மல்லுக்கட்டுவதில் பலன் குறைவு. பிடிஎஃப் கோப்பை சர்வருக்கு அனுப்பி, தூரத்திலிருந்தே சர்வரின் டெர்மினலைத் திறக்கும் எஸ்எஸ்எச் செயலியில் உள்ளே போய், எல்பி -டி வீடு என்று எழுதி, பின்னால் கோப்பின் பெயரைக் கொடுத்தால் முடிந்தது. இணைப்பு மெதுவாக இருக்கும்போது லேப்டாப்பிலும் இதுவே நல்ல வழி. சில கணினிகள் பக்கத்தைப் படமாக மாற்றித்தான் அனுப்பும். 600 டிபிஐ கலரில் ஒரு ஏ4 பக்கம் சுருக்குவதற்கு முன் 100 எம்பிக்கு மேல் வரும். அதே பக்கம் பிடிஎஃப் ஆக இருந்தால் பெரும்பாலும் சில நூறு கேபியில் முடிந்துவிடும்.

ஆளில்லாத வீட்டில் விழும் தாள்

வெளியிலிருந்து அனுப்பும் தாள் நீங்கள் திரும்பும் வரை தட்டிலேயே கிடக்கும். சம்பளச் சீட்டையோ மருத்துவ அறிக்கையையோ அப்படி விட்டுவைக்க முடியாது. இதற்கு ஒரு சுலபமான ஏற்பாடு: அதே பிரிண்டரை இன்னொரு முறை சேர்த்து, அதற்கு 'வெளி' என்று பெயர் வையுங்கள். பிறகு சூடோ எல்பிஅட்மின் -பி வெளி -ஓ ஜாப்-ஹோல்டு-அன்டில்-டிஃபால்ட்=இன்டெஃபினிட் என்று கொடுங்கள். அந்த வரிசைக்கு வரும் வேலைகள் எல்லாம் சர்வரில் காத்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் கப்ஸ் பக்கத்தில் ஜாப்ஸ் பகுதியைத் திறந்து ரிலீஸ் ஜாப் அழுத்தினால் தாள் உங்கள் கைக்கே வரும். சில கணினிகள் 'உடனே அடி' என்ற குறிப்பையும் சேர்த்தே அனுப்பும். அது இந்த ஏற்பாட்டை மீறிவிடும் என்பதால், முக்கியமான எதையும் அனுப்பும் முன் ஒரு வெற்றுப் பக்கத்தை அனுப்பி, நிற்கிறதா என்று பாருங்கள்.

அச்சாகி முடிந்த கோப்புகளையும் கப்ஸ் ஒரு நாள் வரை வைத்திருக்கும், மறுபடி அச்செடுக்க வசதியாக. அது வேண்டாம் என்றால் கட்டமைப்பில் பிரிசர்வ்ஜாப்ஃபைல்ஸ் நோ என்று சேருங்கள்.

தாள் வராதபோது

எல்பிஸ்டாட் -டி என்று தட்டினால் வரிசைகளின் நிலை மொத்தமும் தெரியும். டிஸேபிள்டு என்று இருந்தால் (பிரவுசரில் அதுவே பாஸ்டு என்று தெரியும்) பிரவுசரில் ரெஸ்யூம் கொடுங்கள். வேலை முடிந்ததாகக் காட்டுகிறது, தாள் மட்டும் வரவில்லை என்றால் டிரைவர் தவறாக இருக்க அதிக வாய்ப்பு. பிரிண்டருக்குப் புரியாத மொழியில் தரவு போயிருக்கிறது. தாள் தாளாகப் புரியாத குறிகள் அச்சாகி வந்தாலும் காரணம் அதேதான். வேலையை ரத்து செய்து, பிரிண்டரை அணைத்துப் போட்டு, டிரைவரை மாற்றுங்கள்.

சாதாரண எழுத்துக் கோப்பைச் சர்வரிலிருந்து நேரடியாக அனுப்பினால் தமிழ் எழுத்துகள் சிதறியோ கட்டம் கட்டமாகவோ வரலாம். கொம்பும் காலும் சேர்த்து எழுத்தை உருவாக்கும் திறமை அந்த மாற்றியிடம் கிடையாது. லிப்ரேஆஃபீஸில் திறந்து பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். எழுத்துரு பிடிஎஃப்புக்குள்ளேயே போய்விடுவதால் சர்வரில் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டாலும் சரியாக வரும்.

இதற்கும் பிடிபடாத கோளாறு என்றால் சூடோ கப்ஸ்சிடிஎல் --டீபக்-லாகிங் கொடுத்து, ஒரு பக்கத்தை அனுப்பி, வார்/லாக்/கப்ஸ் அடைவில் உள்ள எரர்_லாக் கோப்பின் கடைசி வரிகளைப் படியுங்கள். ஃபில்டர் ஃபெயில்டு என்று வந்தால் டிரைவர் பொதியில் ஏதோ விடுபட்டிருக்கிறது. பேக்எண்டு என்ற சொல்லோடு பிழை வந்தால் பிரிண்டரையே எட்ட முடியவில்லை, வயரையும் மின்சாரத்தையும் பாருங்கள். பார்த்து முடித்ததும் --நோ-டீபக்-லாகிங் கொடுத்து அதை நிறுத்திவிடுங்கள். அப்படியே விட்டால் ஒவ்வொரு பக்கத்துக்கும் நூற்றுக்கணக்கான வரிகள் எழுதிக்கொண்டே இருக்கும், ராஸ்பெரி பையின் எஸ்டி கார்டுக்கு அது ஆகாது.